கைராசியா? நெல்லின் எழுத்தா?

சோறு குழைந்தால் சமைத்தவள் கைக்கு ராசியில்லை என்பது. சர்க்கரை நோய் வந்தால் தலையெழுத்து என்பது! கொருக்குப்பேட்டைச் சந்துகளில் இவ்விரு பேச்சையும் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது நமக்கு. தோழர்களே! தலையிலே எழுத்தில்லை, நெல்லிலே இருக்கிறது எழுத்து!

அரிசியின் மாவுச்சத்து இருவகை. நூல்போல் நீண்டது அமிலோஸ். கிளை கிளையாய்ப் பிரிந்தது அமிலோபெக்டின். அமிலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாக நிற்கும், குறைந்தால் குழையும், அறவே இல்லையேல் பசையாய் ஒட்டும். பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய நம்மவர் ஒட்டரிசியை நன்கறிவர். உலைநீரின் அளவும் ஒரு காரணம்தான். ஆனால் அடிப்படை விதையிலே!

அமிலோஸைக் கட்டும் நொதிக்கான ஆணை, நெல்லின் ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினால் அமிலோஸ் குறைகிறது. 23 எழுத்துகள் இரட்டித்துவிட்டால் நின்றே போகிறது. இதற்குத்தான் திடீர்மாற்றம் என்று பெயர்.

இது ஏதோ அயல்நாட்டு வித்தையா? இல்லை. அன்றைய சென்னை மாகாண அரசின் தாவரவியல் அறிஞர் பார்னெல், கோவையிலே, ஒட்டரிசியும் சாதாரண அரிசியும் கலந்த பயிரின் மகரந்தத்தில் அயோடினை விட்டுப் பார்த்தார். பாதி நீலம், பாதி செந்நிறம்! பெற்றோரின் பண்பு பிள்ளையிலே பிரிந்து நிற்பதைக் கண்ணெதிரே காட்டி, 1921இல் எழுதினார்.

அதே 1921இல் கோவை தந்த நெல் ஜி.இ.பி. 24. கோணாமணி நெல்லில் தானாகத் தோன்றிய திடீர்மாற்றம் அது. அதன் வழிவந்தது ஆந்திரத்தின் சம்பா மசூரி. அந்தச் சம்பா மசூரியோடு, மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதி பழுதுபட்ட ஐ.ஆர். 36 வகையை இணைத்தனர், பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார். பிறந்த அரிசி மெல்லச் செரிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையை மெல்லவே ஏற்றுகிறது. 2024இல் உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது 2023இல் வெளியான ஆய்வு. "சோற்றைக் குறை" என்கிறார் மருத்துவர். குறைக்கலாம்; காலை முதல் மாலை வரை மூட்டை சுமப்பவன், குறைத்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவான்? பாதாம் பருப்பா, பழச்சாறா?

ஆகவே கேட்கிறோம்: கோவையிலே வேர்விட்ட கலை கோவைக்கே திரும்பட்டும்! நம் வேளாண் பல்கலைக்கழகம் இந்தப் பண்பை நம் மண்ணுக்கேற்ற நெல்லில் ஏற்றட்டும். உழவன் விளைக்கட்டும்; அரசு கொள்முதல் செய்யட்டும்; ரேஷன் கடைக்கு வரட்டும்!

கண்ணாடி அலமாரியிலே, பளபளக்கும் பையிலே, பணக்காரரின் பத்தியத்துக்கு மட்டும் அது விற்கப்படுமானால், நெல்லின் எழுத்தைப் படித்தோம், ஏழையின் வயிற்றைப் படிக்கவில்லை என்றே பொருள்!