"தோல்" எந்த எழுத்தில் தொடங்குகிறது?

மூன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேளுங்கள். "தோ" என்று உடனே சொல்லும். கணிப்பொறியைக் கேட்டால் "த" என்றாலும் ஆம் என்கிறது. சில வேளைகளில் "தே" என்றாலும் ஆம் என்கிறது!

ஆம்பூரில் இருப்பவர்களுக்குத் தோல் அன்றாடச் சொல். எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் பதனிடும் தொழிலின் சொற்களைத் தொகுத்து, தேடுவதற்கு ஒரு நிரல் எழுதினார். "தே" என்று தொடங்குவனவற்றைக் கேட்டார். "தோல்" வந்து நின்றது. நிரலை மூன்று முறை பார்த்தோம். பிழை இல்லை.

ஒரு சொல் இன்ன முன்பகுதியுடன் தொடங்குகிறதா என்றறிய, கணிப்பொறி இரண்டையும் முதலிலிருந்து குறியீடு குறியீடாக ஒப்பிடுகிறது. முன்பகுதி தீரும்வரை வேறுபாடு இல்லையென்றால் "ஆம்". ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு குறியீடு, தொல்லை இல்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையிலோ "தோ"வுக்குத் தனி எண் கிடையாது. முதலில் த, அடுத்து ஓகாரக் குறி. அந்தக் குறியையும் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்க முடியும். அப்போது முன்னால் நிற்பது தகரமும் கொம்பும், அதாவது "தே". கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

வேலூர் இன்னும் வேடிக்கை. "வேல்" என்று தொடங்குகிறதா? இல்லையாம். "வேல" என்று? ஆமாம்! வேல், ஊர் என்று பிரித்துப் பார்க்கும் நம் காது நேர்மாறாகச் சொல்லும். (காது சொல்வது புணர்ச்சி இலக்கணம், அது வேறு வேலை.)

கணிப்பொறியை நான் குறை கூறவில்லை. அகராதியின் தகர வரிசையில் தோலும் உண்டு. அங்கே அதன் விடை சரிதான். "தொடங்குதல்" என்றால் என்ன என்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே. இரண்டையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். பொருந்தினாலும், சொல்லில் அடுத்து நிற்பது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் "இல்லை" எனல் வேண்டும். நாலைந்து வரிகளில் முடியும்.

எழுத்துக்கு ஒரு குறியீடு தரும் 16 பிட் முறையொன்றைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. ஆனால் உலகெங்கும் புழங்குவது யூனிகோடே. ஆகவே இந்த நாலைந்து வரிகளைப் பள்ளிக் கணிப்பொறிப் பாடத்திலேயே சேர்க்க வேண்டும் என்பேன். ஆங்கிலச் சொற்களை வைத்தே பயின்ற மாணவருக்கு இச்சிக்கல் கண்ணில் படுவதே இல்லை.

"பேரணாம்பட்டு" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். "ப", "பே", "பேர" மூன்றையும் கொடுத்து, உங்கள் நிரல் எதற்கு ஆம் என்கிறது என்று பாருங்கள்.