முதலில் எரிந்தவை அவர்கள் கண்களே

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும், தோல் ஷாப்பில் வேலை செய்யும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"சாமி, தொட்டி கழுவ இறங்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. வாயு போய்விட்டது என்று நாங்களும் வேலையைத் தொடர்கிறோம்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். தோலின் மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். அளவு மிகுந்தால் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றது என்றால் ஆபத்து நீங்கியது என்று பொருளன்று; ஆபத்து முற்றியிருக்கவும் கூடும்.

"மேலாளரிடம் கூறினீர்களா?"

"கூறினால் மறுநாள் வேலை இராது, சாமி."

இவ்விடையைக் கேட்கும்போதெல்லாம் போபால் என் நினைவுக்கு வரும். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவை அறியாதார் இலர்; அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளை அறிந்தவர் சிலரே. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளர் இறந்தார். 1982-இல் தொழிற்சங்கத்தார் சுவரொட்டி அச்சிட்டு, ஆபத்து தங்களுக்கு மட்டுமன்று, ஊராருக்கும் உண்டு என்று எச்சரித்தனர். ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகையாளரும் அவ்வாண்டே எழுதினார். செவிசாய்ப்பார் இல்லை. மாறாக, செலவைச் சுருக்க ஆட்கள் குறைக்கப்பட்டனர். நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் இயந்திரமும் 1984-இல் நிறுத்தப்பட்டது. கருவிகளை நம்ப இயலாமையால், தம் கண் எரிவதைக் கொண்டே தொழிலாளர் கசிவை அறிந்தனர். அன்றிரவும் நள்ளிரவுக்கு முன்பே கண்கள் எரிந்தன; அதைக் கூறவும் கூறினர். தேநீர் வேளை கழியட்டும், பிறகு பார்ப்போம் என்று விடப்பட்டது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

அதன் பின்னரே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. ஆபத்தான செய்முறைகள் உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தாரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும், கையாளும் பொருளின் தீங்கைத் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. உடனடி ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும் உரிமையையும் அவர்களுக்கு அளித்தது. அத்தொழில்களின் அட்டவணையில் தோல் பதனிடுதலும் இடம்பெற்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டத்திலும் இக்குழு உண்டு. எனினும் அது எங்கெங்கு அமைய வேண்டும் என்பதை அரசின் ஆணைக்கு விட்டுவிட்டது. இஃது எனக்கு நிறைவளிக்கவில்லை. நிர்வாகம் நீட்டும் தாளில் ஒருவர் கையெழுத்திடுவதே குழுக்கூட்டம் என்றால், குழு இருந்தும் பயனில்லை.

வாய்க்காலில் ஓடி நம் கிணற்றைக் கெடுக்கும் கழிவு, முதலில் தொழிலாளியின் கையைத் தொட்டே வெளியேறுகிறது. எந்தக் குழாய் எந்நேரத்தில் திறக்கப்படுகிறது என்பதை ஆய்வாளரைவிட அவரே நன்கு அறிவார். அவர் வாயை அடைத்துவிட்டு ஆற்றைக் காப்பது எங்ஙனம்?

அந்த அன்பரிடம் இரண்டு செய்திகள் கூறினேன். காற்றைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், தக்க சுவாசக் கருவி இன்றி மற்றவர் பின்னே குதிக்க வேண்டாம். காப்பாற்றச் சென்றவரும் மாண்டுபோவது இத்தகைய விபத்துகளில் வழக்கமாகிவிட்டது. மனுவைத் தனியொருவர் பெயரில் கொடுக்க அவர் அஞ்சுகிறார், அது நியாயமே. வரும் ஞாயிறு உடன் வேலை செய்யும் நால்வரை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐவர் பெயரிலும் எழுதுவோம்.