காட்டைக் கொளுத்துவது யார்?

மாசி பிறந்து போதமலைச் சரிவில் புகை தெரிந்தால் போதும், குற்றவாளி தயார்! மாடு மேய்த்தவன் கொளுத்தினான், சீமாறுப் புல் அறுத்தவள் கொளுத்தினாள், தேனெடுக்கப் போன மலையாளி கொளுத்தினான் என்று பழி விழுகிறது. நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியிலும் சேகோ ஆலையிலும் பாடுபடும் நம்மவர்களில் சிலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். நாம் கேட்கிறோம்: கோடை வருமுன் காட்டு இலாகாவே தீத்தடுப்புக் கோடு என்று பட்டை பட்டையாகப் புல்லைக் கொளுத்துகிறதே, அது எந்தக் கணக்கு? சர்க்கார் வைத்தால் பாதுகாப்பு, ஏழை வைத்தால் குற்றமா?

இந்தச் சட்டம் வந்த வழியைப் பாருங்கள். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டுமென்று வெள்ளை ஏகாதிபத்தியம் 1864ல் காட்டு இலாகாவை நிறுவியது. 1882ல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது. ரிசர்வ் காட்டில் தீ மூட்டுவதும் ஆடு மாடு மேய்ப்பதும் குற்றமாயின. மரம் துரைக்கு, பழி குடியானவனுக்கு! இதில் வேடிக்கை என்னவென்றால், பர்மாவில் தீயை அடக்கிப் பார்த்த அதே துரைமார், தேக்கங்கன்று முளைக்கவில்லை என்று கண்டு, 1900க்குப் பின் சில ஆண்டுகளிலேயே பல காடுகளில் அந்த வேலையைக் கைவிட்டார்கள். சட்டத்தை மட்டும் நம் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சத்தியமங்கலம் காட்டுக்கு அப்பால், கர்நாடகத்தில், பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்குள்ள சோளகர் கோடை முற்றுமுன்பே தரையோடு ஓடும் சிறு தீ வைத்து வந்தார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். சருகு எரியும், பெருமரம் நிற்கும், மழைக்குப் புல் தழைக்கும். 1974ல் சரணாலயம் வந்தது, தீ நின்றது. உண்ணிச்செடி காட்டை மூடிற்று. ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்த இடங்களில், 1997க்கும் 2008க்கும் இடையே அது ஏறக்குறைய இரு மடங்கு இடத்தில் பரவியிருந்தது. நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியதற்கும் தீ நின்றதே காரணம் என்கிறார்கள் சோளகர். (புல்லுருவி என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை!)

டாலர் தேசமும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அதன் தென் மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் நீள ஊசியிலைப் பைன் காடு சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தது. அதன் நாற்று சில ஆண்டுகள் புல் குத்தைப் போல் தரையோடு கிடக்கும். தீ மேலே ஓடினாலும் நீண்ட இலைகள் குருத்தைக் காக்கும். அவ்வப்போது தீ ஓடாவிட்டால் புதர் மூடி அது மடியும். மரக் கம்பெனிகள் இந்தக் காட்டை வெட்டித் தள்ளின. கைதிகளையும், கடனில் கட்டுண்ட கறுப்பினத் தொழிலாளரையும் வாட்டிப் பிசின் வடித்து டர்பன்டைன் காய்ச்சின. மீந்த காட்டில் தீயை அடக்கினார்கள். நூற்றில் சில பங்கே மிஞ்சியது. 1990ல் புளோரிடா மாநிலம், முறையாகத் தீ வைப்பது நிலச் சொந்தக்காரனின் உரிமை என்று சட்டமே போட்டது. அங்கே நிலம் உள்ளவனுக்கு உரிமை. இங்கே மலைக்குடிக்குக் காடே சொந்தமில்லை என்கிறார்கள்!

எல்லாக் காட்டையும் கொளுத்தச் சொல்லவில்லை நாம். கொல்லிமலையின் ஈரச் சோலைக்குத் தீ எமன். சித்திரைக் காற்றில் பிடிக்கும் தீ எந்தக் காட்டுக்கும் ஆகாது. ஆனால் அடிவாரத்து வறண்ட காட்டில் பல வருடச் சருகையும் உண்ணியையும் சேர்த்து வைப்பது, அந்தச் சித்திரைத் தீக்கு விறகு அடுக்குவதல்லாமல் வேறென்ன? பிடித்த பிறகு பச்சைத் தழையோடு மலையேறி அடிப்பவன் தினக்கூலி வாட்சர்தானே!

2006ம் வருட வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் மலைக்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2008ல் வந்த ஐகோர்ட் உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016ல் சுப்ரீம் கோர்ட் அந்த முட்டுக்கட்டையை நீக்கிற்று. இனிச் சாக்கு ஏது? போதமலையின் கீழூர், மேலூர், கெடமலை மக்கள் கிராம சபையில் இந்த உரிமையைக் கேட்கட்டும். எந்தச் சரிவில், எந்த வாரத்தில், எவ்வளவு புல்லுக்குத் தீ வைப்பதென்று அவர்கள் முடிவு செய்யட்டும். இலாகா உடன் நின்று, அந்த வேலைக்கு முழுக்கூலி கொடுக்கட்டும். அடிவாரத்து விவசாயத் தொழிலாளரும் சேகோ ஆலைத் தோழர்களும் அந்த மனுவில் கையெழுத்திட வேண்டும்.