முதலில் மருத்துவமனை படிக்கட்டும்

திருநங்கைகளைக் கூட்டி உட்காரவைத்து ஆணுறை பற்றிப் பேசிவிட்டால் எச்ஐவி தடுப்பு முடிந்தது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அந்தப் பாடம் வேண்டியதுதான். ஆனால் அதை முதலில் படிக்க வேண்டியது மருத்துவமனை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டில் வயதுவந்தோரிடையே எச்ஐவி பரவல் 0.21 சதவீதம், திருநங்கையரிடையே ஏறத்தாழ 3.8 சதவீதம். இதற்கு ஒழுக்கத்தைக் குறைசொல்வது எளிது. ஆனால் குதவழி உறவில் தொற்று எளிதில் பரவும் என்பது உடல் சார்ந்த உண்மை. காப்பில்லாத உறவுக்கு ஒருவரைத் தள்ளுவதோ, வீட்டைவிட்டு விரட்டுவதும் வேலை மறுப்பதும் சிகிச்சை தேடிப் போன இடத்தில் கிடைக்கும் அவமானமும்தான்.

குன்னத்துகால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள–தமிழக எல்லையூர்களில் இந்த அவமானம் இன்னும் கூர்மையாகிறது. எச்ஐவி பரிசோதனை மையத்துக்குக் கேரளத்தில் ஜ்யோதிஸ் என்று பெயர். களியக்காவிளை தாண்டித் தமிழகம் வந்தால் நம்பிக்கை மையம். இரண்டிலும் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். ஆனால் ஊரார் நிறைந்த வரிசையில், ஓ.பி. சீட்டிலுள்ள பழைய ஆண் பெயரைச் சொல்லி ஒரு திருநங்கையை உரக்கக் கூப்பிட்டால் அவர் மறுபடி அந்தப் படியேற மாட்டார். தொற்று அபாயம் நேர்ந்தபின் தரும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவமானத்துக்கு அஞ்சித் தொலைவூர் தேடிப் போவதில் அந்த நேரம் கரைந்துவிடும். மருந்து இருந்தும் பயன்படாமல் போவதை, எச்ஐவி தடுப்பு மாத்திரை பற்றி 2010-இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வும் உணர்த்துகிறது. தினசரித் தடுப்பு மாத்திரையால் அதில் திருநங்கையருக்குப் பலன் தெரியவில்லை. 2015-இல் தரவுகளை மீண்டும் அலசியபோது, தொற்று ஏற்பட்ட திருநங்கையர் எவர் ரத்தத்திலும் அப்போது மருந்து இல்லை என்று தெரிந்தது. மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஹார்மோனோடு சேர்த்துச் சாப்பிடலாமா, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் ஆணுறை வேண்டுமா, எண்ணெய் தடவினால் உறை கிழியுமா என்றெல்லாம் கேட்பவருக்கு, முகம் சுளிக்காமல் பதில் சொல்லத் தெரிந்தவர் எதிரே இருக்க வேண்டும்.

திருநர்களைத் தனியே குறிவைத்துப் பேசினால் நோய் பரப்புவோர் என்ற முத்திரை விழாதா என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் பாடம் மருத்துவர், செவிலியர், ஆஷா பணியாளரிடமிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டமே சொல்கிறது. ஆனால் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் தன்பாலின உறவை இயற்கைக்கு மாறான குற்றமாகக் காட்டும் பகுதியை மறுபடி பாடத்தில் சேர்த்தது. எதிர்ப்பு எழுந்தபின்தான் செப்டம்பரில் திரும்பப் பெற்றது. இப்படிப் படித்து வருபவரிடம் யார் மனம் திறப்பார்? நாலைந்து பேருக்காக இவ்வளவு செலவா என்பது இன்னொரு கேள்வி. பெயர் சொல்லிக் கூப்பிடும் முறையை மாற்றச் செலவில்லை. கதவடைத்துப் பேசும் அறையும் ரகசியம் காக்கும் பழக்கமும் பால்வினை நோயோடு வரும் எல்லோருக்கும் உதவும்.

2015-இலேயே திருநர் கொள்கை வகுத்து நாட்டுக்கு முன்னோடியான மாநிலம் கேரளம். அந்தக் கொள்கை எல்லையூர் சுகாதார நிலையத்தின் ஓ.பி. வரிசைவரை வந்து சேர வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்த திருநர் ஒருவரையே சம்பளத்துக்கு ஆலோசகராக அமர்த்துங்கள். ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி கொடுங்கள். எந்த மாநில அடையாள அட்டை என்று பார்த்து யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். ஆணுறை பற்றிய பாடம் அதன்பிறகுதான் காதில் ஏறும்.