தலையீத்துக் குருவிகள்

"இந்த ஜோடி சரியில்ல சார், குஞ்சு வளர்க்கத் தெரியல. மாத்திட்டு வேற எடுத்துக்குங்க."

இங்கே புனேயில் நான் ஜீப்ரா ஃபின்ச் ஜோடி வாங்கின கடைக்காரர் சொன்னது இது. ஏதோ ரிப்பேரான மிக்ஸி மாதிரி!

விஷயம் இதுதான். அஞ்சு முட்டை, அதில் மூணு பொரிஞ்சது. மறுநாள் காலையில் பார்த்தால் ரெண்டு குஞ்சு கூண்டுத் தரையில் செத்துக் கிடக்கு. மூணாவது சாயங்காலம் போச்சு. ஒண்ணொண்ணும் ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட இருக்காது. தங்கமணி அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

ஊருக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட பொலம்பினேன். "எய்யா, தலையீத்து மாடு கன்னை ஒதைக்கத்தான் செய்யும். அதுக்காக மாட்டை வித்துருவாங்களா?" என்றாள். இத்தனை நாள் நான் படிச்சதில் இல்லாத தெளிவு அதில் இருந்தது.

என் கருத்தைச் சொல்லிடறேன். முதல் ஈடு கெட்டுப் போறதுக்கு முக்கால்வாசி காரணம் பறவை இல்லை, நாமதான். என் கூண்டையே எடுத்துக்குங்க.

ஒண்ணு, வயசு. ஜீப்ரா ஃபின்ச் மூணு மாசத்திலேயே முட்டை போடத் தயாராயிடும். ஆனா ஆறு மாசமாவது, முடிஞ்சா ஒன்பது மாசம், பொறுக்கணும். என் ஜோடிக்கு நாலு மாசம்கூட ஆகலை. சின்னப் பொண்ணுக்கு முட்டை உள்ளேயே அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து.

ரெண்டு, தீனி. காய்ஞ்ச தினையை மட்டும் போட்டுட்டு குஞ்சு வளரலையேன்னா எப்படி வளரும்? நல்லா வெந்த முட்டையை மசிச்சு வைக்கணும், முளைகட்டின தினை வைக்கணும், கடல் நுரை ஒரு துண்டு எப்பவும் கூண்டில் தொங்கணும். முட்டையை ரெண்டு மூணு மணி நேரத்தில் எடுத்துடணும், இல்லாட்டி கெட்டுப்போகும்.

மூணு, நார். முட்டை போட்ட பிறகும் நான் ஆசையா தேங்காய் நார் போட்டுக்கிட்டே இருந்தேன். அனுபவம் இல்லாத ஜோடி அதைக் கொண்டுபோய் முட்டை மேலேயே மெத்தை போட்டு மூடிடும். முதல் முட்டை விழுந்ததும் நாரை நிறுத்திடணும்.

நாலு, என் மூஞ்சி. ஒரு நாளைக்கு நாலு தடவை டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்தா எந்த அம்மா நிம்மதியா உட்காரும்? மனுஷ வாசனை பட்டா ஒதுக்கிடும்ங்கறது கட்டுக்கதை. ஒதுக்க வைக்கிறது வாசனை இல்லை, தொந்தரவு. அதனால கீழே விழுந்த குஞ்சைத் தொடப் பயப்பட வேண்டாம். ஜில்லுன்னு அசைவில்லாம கிடந்தாலும் உள்ளங்கையில் வெச்சு சூடுபடுத்திப் பாருங்க, சில சமயம் உயிர் வரும். வந்தா கூட்டிலேயே திரும்ப வைங்க.

"பெங்காலீஸ் ஃபின்ச் ஒரு ஜோடி வாங்கி, முட்டையை அதுங்ககிட்ட மாத்தி வெச்சிடுங்க" என்பது கடைக்காரரின் அடுத்த யோசனை. வியாபாரிகள் பலரும் செய்யறதுதான். நல்லாவே வளர்க்கும், மறுக்கலை. ஆனா கிளாவுஸ் இம்மெல்மான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைச் செய்துதான் பார்த்தார். அப்படி வளர்ந்த ஜீப்ரா ஆண்கள் பெரிசானதும் தன் இனத்தை விட்டுட்டு பெங்காலீஸ் பெண்களைத்தான் சுத்தி வந்தது. பாட்டும் வளர்ப்பு அப்பாவோட பாட்டுதான். குஞ்சு பிழைச்சிடும், ஆனா தான் யாருன்னே மறந்துடும். பெத்தவங்களும் கடைசிவரை கத்துக்கவே மாட்டாங்க.

கூட்டைக் கழட்டிட்டு அஞ்சாறு மாசம் காத்திருந்தேன். இந்தத் தடவை நாலு முட்டை. அப்பா, அம்மா ரெண்டும் மாறி மாறி அடை காத்தது. பதிமூணாம் நாள் பொரிய ஆரம்பிச்சது, மூணு குஞ்சு. ஒரு நாளைக்கு ஒரே தடவை, ரெண்டும் தீனிக்கு இறங்கினப்போ மட்டும் எட்டிப் பார்த்தேன். பிறந்த குஞ்சுக்குத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். கழுத்துப் பக்கம் பையில் தீனி தெரிஞ்சா கவலை இல்லை. ஒண்ணு அஞ்சாம் நாள் போயிடுச்சு. எனக்குக் கை பரபரன்னுதான் இருந்தது, ஆனா ஊசியில் ஊட்ட முயற்சி பண்ணலை. பழகாத கை ஊட்டினா நுரையீரலுக்குள் போய் உள்ளதும் போகும்.

மத்த ரெண்டும் மூணு வாரத்தில் வெளியே வந்துடுச்சு. இன்னும் ரெண்டு வாரம் அப்பாதான் துரத்தித் துரத்தி ஊட்டினார். அம்மாகிட்ட சொன்னப்போ, "நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

மாத்திக் குடுக்கச் சொன்ன அதே ஜோடிதாங்க. அதுங்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான். குஞ்சு தானா சாப்பிடறதுக்கு முன்னாடியே அப்பா அடுத்த கூட்டுக்கு நார் பொறுக்க ஆரம்பிச்சுட்டார். கூட்டைக் கழட்டி பரண்ல போட்டுட்டேன். போதும் சாமி, அந்த அம்மா கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் :-)

டிஸ்கி: ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியா பறவை. நம்ம ஊர் முனியாவைப் பிடிச்சுக் கூண்டில் அடைக்கிறது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலிவா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க.