பிக்கப்பை மாத்தினா ஜேமர்சன் ஆயிடலாமா?

பேஸ் கிடார் வாங்கி ஆறு மாசம் ஆன யாரை வேணா கேட்டுப் பாருங்க. "சவுண்டே சரியில்லைடா, பிக்கப்பை மாத்தணும்"னு ஒரே புலம்பலா இருக்கும். அப்புறம் நாலு பேர்கிட்ட கடன் வாங்கி, ஒரு பெரிய கம்பெனி பிக்கப்பை வரவழைச்சு, சாலிடரிங் அயர்னும் கையுமா உட்கார்ந்துடுவாங்க. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் திட்டலாம்னுதான் இந்தக் கட்டுரை. பிக்கப்பே மாத்தக் கூடாதுன்னு சொல்ல வரலை. கடைசியா செய்ய வேண்டிய செலவை நாம முதல்ல செய்யறோம், அதுதான் என் கோபம்.

பிக்கப்னா என்ன? காந்தம், அதைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பி பல ஆயிரம் சுத்து. மேலே கிடார் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் ஆடும், சுருள்ல மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான் மாயம். கம்பியில இல்லாத ஓசையை அது புதுசா உண்டாக்காது. இருக்கறதுல எதைத் தூக்கிக் காட்டணும், எதை அமுக்கணும்னு மட்டும் அது முடிவு பண்ணும்.

ஆனா விளம்பரத்தைப் படிச்சா என்ன இருக்கும்? "வெதுவெதுப்பான", "பழங்காலத்து", "ஆழமான". இதெல்லாம் காபித்தூள் விளம்பரத்துக்கும் பொருந்தும் :-) கூடவே ஒரு நம்பர் போடுவாங்க: இத்தனை கிலோ ஓம். உடனே நம்ம ஆளு "10 பெருசா, 7 பெருசா"ன்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுவான். அது வெறும் மின்தடை. ஒரே சுத்து எண்ணிக்கைக்கு 42 கேஜுக்கு பதிலா இன்னும் மெல்லிசான 43 கேஜ் கம்பியைப் போட்டாலே மின்தடை கால் பங்கு ஏறிடும். சத்தம் அந்த அளவுக்குக் கூடாது. இதை வச்சு டோனைத் தீர்மானிக்கறது, பாத்திரத்தை எடை போட்டு சாம்பாரோட காரத்தைச் சொல்ற மாதிரி. சுருளோட இண்டக்டன்ஸ், நீங்க மாட்டற கேபிளோட கெப்பாசிட்டன்ஸ், வால்யூம் பாட்டோட மதிப்பு எல்லாம் சேர்ந்துதான் எந்த இடத்துல ஓசை தூக்கும், எங்கே மங்கும்னு முடிவாகுது. நீளமான கேபிளை மாத்தி சின்னதைப் போட்டாலே பளிச்சுன்னு ஆகறது இதனாலதான்.

சரி, பெரிய மனுஷங்க என்ன பண்ணாங்கன்னு பார்ப்போம். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கையில இருந்தது 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அந்த டோன் எங்கேர்ந்து வந்தது? தடிமனான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பி, அதையும் லேசுல மாத்த மாட்டார். பிரிட்ஜ் கவருக்கு அடியில ஒரு துண்டு ஃபோம். அப்புறம் வலது கையில ஒரே ஒரு ஆள்காட்டி விரல். ஜாகோ பாஸ்டோரியஸ் நேர் எதிர். ஃப்ரெட் பிடுங்கின ஜாஸ் பேஸ், ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட் கம்பி, ஃபிங்கர்போர்டு மேல எபாக்ஸி பூச்சு, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு நேர் மேல விரல். ரெண்டு பேரையும் அடையாளம் காட்டற இந்தப் பட்டியல்ல, காசு கொடுத்து மாத்தின பிக்கப் எங்கேயாவது இருக்கா?

இன்னொரு விஷயத்தை விற்கறவங்க சொல்லவே மாட்டாங்க. டோன்ல பெரிய பங்கு பிக்கப் எந்த இடத்துல இருக்குங்கறதுக்குத்தான். பிரிட்ஜ் பக்கம் போகப் போக அடி ஓசை குறைஞ்சு, மேல் ஓசை தூக்கலாகும். பிரிசிஷன்ல எவ்வளவு விலையுள்ள பிக்கப்பைப் போட்டாலும் அது அதே குழியிலதான் உட்காரப் போகுது. ஜாஸ் பேஸோட பிரிட்ஜ் பிக்கப் உறுமல் அதுல எப்படிங்க வரும்?

அதனால முதல்ல செலவில்லாத வேலையைச் செய்யுங்க. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிக்கப் உயரத்தை மாத்திப் பாருங்க. கீழ இறக்கினா சத்தம் குறையும், ஓசை தெளியும். ரொம்ப மேல ஏத்தினா காந்தம் கம்பியை இழுத்து சுருதியே தள்ளாடும். விரல் படற இடத்தை பிரிட்ஜ் பக்கம், கழுத்துப் பக்கம்னு நகர்த்திப் பாருங்க. டோன் குமிழைத் திருப்புங்க, அது அழகுக்கு வச்சதில்லை. அதுக்கப்புறம் ஒரு செட் புதுக் கம்பி. வியர்வையும் அழுக்கும் ஏறிச் செத்துப் போன கம்பியை வச்சுக்கிட்டு பிக்கப்பைக் குறை சொல்றது என்ன நியாயம்?

இத்தனையும் செஞ்ச பிறகும் குறை இருந்தா தாராளமா மாத்துங்க. ஆனா குறைக்கு ஒரு பேர் சொல்லத் தெரியணும். ஜாஸ் பேஸ்ல ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தா 'ங்ங்...'னு இரைச்சல் வருதா? ரெண்டையும் முழுசா திறந்தா அடங்குதா? அப்போ இரைச்சல் நீக்கற பிக்கப் வாங்கறதுல அர்த்தம் இருக்கு. சுருள் அறுந்து போச்சா, ஆம்ப் சத்தம் கூடினா வீல்னு கத்துதா? அதுவும் நியாயமான காரணம். வாங்கும்போது அளவைப் பாருங்க. ஜாஸ் பேஸ்ல பிரிட்ஜ் பிக்கப், கழுத்துப் பிக்கப்பை விடக் கொஞ்சம் நீளம். இ.எம்.ஜி. மாதிரி ஆக்டிவ் பிக்கப்புக்கு 9 வோல்ட் பேட்டரி வைக்க இடம் வேணும், 25 கிலோ ஓம் பாட் வேணும். சாதாரண பாஸிவ் பிக்கப்பை அந்த 25-ல இணைச்சா மேல் ஓசை மொத்தமா செத்துடும். அதுக்கு வழக்கமா 250 கிலோ ஓம் போடணும்.

"டோன் சரியில்லை"ங்கறது குறை இல்லை, மனக்குறை. அதுக்கு எந்தக் கம்பெனியும் பிக்கப் செய்யறதில்லை. செய்யற மாதிரி விளம்பரம் மட்டும் பண்றாங்க. நம்மளை மாதிரி மாணவங்களுக்கு அந்தக் காசுல நாலஞ்சு செட் கம்பி வாங்கலாம், இல்லைன்னா ஒரு நல்ல வாத்தியார்கிட்ட ரெண்டு மாசம் கத்துக்கலாம். ஜேமர்சனோட அந்த ஒத்தை விரல் எந்த டப்பாவுலயும் வராது மக்களே!