‘எஸ்டேட்’ என்றால் தோட்டம் மட்டும்தானா?

அகராதியைப் புரட்டாமலே நம் வீட்டில் எல்லாரும் பொருள் சொல்லக்கூடிய ஆங்கிலச் சொல் எஸ்டேட். தாத்தா எங்கே பிறந்தார்? எஸ்டேட்டில். பாட்டி எங்கே பால்மரம் சீவினார்? எஸ்டேட்டில். அம்மா எங்கே ஆறாம் வகுப்பு வரை படித்தார்? அதே எஸ்டேட் பள்ளியில். மலேசியத் தமிழர்களுக்கு இது ஆங்கிலச் சொல் என்பதே பாதி மறந்துவிட்டது.

ஆனால் இந்தச் சொல்லுக்கு நமக்குத் தெரிந்த வாசல் ஒன்று, தெரியாத வாசல் பல.

சில மாதங்களுக்கு முன் கிள்ளானிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். பாட்டு கேட்க அல்ல. அவருடைய அப்பா இறந்து ஓராண்டு ஆகிறது. வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. மேலே ‘எஸ்டேட் ஆஃப்’ என்று போட்டு, அதன் பக்கத்தில் அப்பாவின் பெயர். “ஏம்மா, எங்கப்பா எஸ்டேட்ல வேலை செஞ்சவரு. எஸ்டேட் அவரோடது இல்லையே? பேங்க்ல தப்பா போட்டுட்டாங்களா?” என்று கேட்டார்.

வங்கி தப்பாகப் போடவில்லை. சட்ட மொழியில், இறந்தவர் விட்டுச் சென்ற அத்தனைக்கும் சேர்த்து எஸ்டேட் என்றுதான் பெயர். வீடு, நிலம், வங்கிப் பணம், கார், நகை எல்லாம் அதில் அடங்கும். அவர் கட்டாமல் விட்ட கடனும் அந்தக் கணக்கில்தான் வரும். கோடீஸ்வரருக்கும் எஸ்டேட் உண்டு. ஒரு மோட்டார் சைக்கிளும் சேமிப்புப் புத்தகமும் மட்டும் வைத்திருந்தவருக்கும் எஸ்டேட் உண்டு.

ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்? மூலம் லத்தீன் மொழியின் ‘ஸ்டேட்டஸ்’. நிற்கும் நிலை என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்டேட், ஸ்டேட்டஸ், எஸ்டேட் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முதலில் எஸ்டேட் என்றால் சமுதாயத்தில் ஒருவரின் நிலை. பழைய பிரான்சில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று எஸ்டேட்டுகள் இருந்தன. 1789ஆம் ஆண்டு மே மாதம் வெர்சாய் நகரில் இந்த மூன்றும் கூடிய சபைதான் பிரெஞ்சுப் புரட்சிக்கு வாசல் திறந்தது. பிற்பாடு, இவர்களையெல்லாம் கவனித்துக் கேள்வி கேட்கும் பத்திரிகைத் துறைக்கு ‘நான்காவது எஸ்டேட்’ என்ற பெயர் வந்தது. ஊடகத்துறை படித்தபோது என் வகுப்புத் தோழி ஒருத்தி, “மூணு எஸ்டேட் எங்க இருக்கு? காப்பார் பக்கமா?” என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தாள். தமிழில் நாம் இதை நான்காவது தூண் என்கிறோம். அந்தக் கணக்கு வேறு: நாடாளுமன்றம், அரசாங்கம், நீதிமன்றம், அடுத்து ஊடகம்.

அந்தக் காலத்தில் ஒருவரின் நிலையைத் தீர்மானித்தது அவரிடம் இருந்த நிலம். அதனால் ‘நிலை’ என்ற சொல் மெல்ல ‘நிலம்’ ஆனது, பிறகு ‘சொத்து’ ஆனது. பெரிய நிலத்துக்குப் பெயராக இருந்தது, ஆங்கிலேயர் இங்கே ரப்பர் நட்டபோது தோட்டத்துக்கும் பெயரானது. வீடுகளை வரிசையாகக் கட்டிய இடம் ஹவுசிங் எஸ்டேட் ஆனது. ரியல் எஸ்டேட்டில் வரும் ‘ரியல்’ உண்மையைக் குறிப்பதல்ல. லத்தீனில் பொருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்து, சட்டத்தில் நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்தைக் குறிக்கிறது.

மலாய் மொழி இந்தக் குழப்பத்துக்கு இடமே கொடுக்கவில்லை. ரப்பர் எஸ்டேட்டுக்கு லாடாங், குடியிருப்புக்குத் தாமான், ரியல் எஸ்டேட்டுக்கு ஹர்த்தானா, இறந்தவர் சொத்துக்கு ஹர்த்தா புசாக்கா. நான்கு பொருள், நான்கு சொல்.

லாடாங் தாமான் ஆன கதை நமக்கு நன்றாகத் தெரியும். இன்றைய சுபாங் ஜெயா, அன்றைய சீஃபீல்டு எஸ்டேட். 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த புக்கிட் ஜாலில் அரங்கமும் எஸ்டேட் மண்ணில் நிற்பதுதான். மரங்கள் போய்விட்டன, லயங்களும் போய்விட்டன. ஆனால் சீஃபீல்டு, புக்கிட் ஜாலில், எடின்பர்க் என்று நகரத்து நடுவில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ‘லாடாங்’ இன்னும் இருக்கிறது. அதே நிலம், அதே ஆங்கிலச் சொல். முன்பு ரப்பர் எஸ்டேட், இப்போது ஹவுசிங் எஸ்டேட். முதல் எஸ்டேட்டில் மூன்று தலைமுறை உழைத்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது எஸ்டேட்டில் சொந்த வீடு கிடைத்தது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை அன்றே கேட்டவர் துன் வீ.தி. சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடியும் விற்க, வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். தொழிலாளர்களே மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத்தை வாங்கலாம் என்று 1960இல் தொடங்கியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். எஸ்டேட்டில் இருப்பவருக்கும் எஸ்டேட் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பிரிக்பீல்ட்ஸில் நாம் காரை நிறுத்த இடம் தேடி அலையும் பிரதான சாலைக்கு அவர் பெயர்தான்.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். ‘நமக்கென்ன பெரிய சொத்தா இருக்கு’ என்று நாம் பேசாமல் விடுவதால்தான் பிறகு சிக்கல். கணவர் போனால் எல்லாம் மனைவிக்குத் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். அதற்கு முன் அவருடைய கடன் கழியும். பிள்ளைகள் ஜாமீன் கையெழுத்துப் போடாத கடனை அவர்கள் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியதில்லை.

உயில் இல்லாமல் வீடோ நிலமோ விட்டுச் சென்றவர்களுக்காகவே 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துகள் பகிர்வுச் சட்டம் இருக்கிறது. மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் உயர்நீதிமன்றம் வரை போகாமல் நில இலாகா வழியாகவே முடிக்கலாம். ‘சிறு’ என்ற சொல்லைப் பார்த்து நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் வீடு இதற்குள் அடங்கிவிடும். ஊழியர் சேமநிதியின் கதை வேறு. முஸ்லிம் அல்லாதவர் வாரிசை நியமித்திருந்தால் பணம் நேரே அவருக்குப் போகும்.

அதனால் இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு எடுங்கள். அப்பாவின் சேமநிதியில் யார் பெயர் இருக்கிறது? வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா? உயில் என்று ஒன்று உண்டா? திருமணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாகத் திருமணத்தோடு செல்லாமல் போகும் என்பதையும் இளையவர்கள் நினைவில் வையுங்கள்.

பெரியவர்கள் “அபசகுனமாப் பேசாதே” என்று அதட்டலாம். அப்போது சாவைப் பற்றிப் பேசாதீர்கள். “தாத்தா, நீங்க இருந்த எஸ்டேட்டைப் பத்திச் சொல்லுங்க” என்று ஆரம்பியுங்கள். அந்த எஸ்டேட்டிலிருந்து இந்த எஸ்டேட்டுக்கு வர அதிக நேரம் ஆகாது.